மைலேஜ் போச்சேன்னு ட்ரக் வாங்காதீங்க மக்களே!

கார் பின்னாடி சின்னதா ஒரு கேம்பிங் ட்ரெய்லரை மாட்டி இழுத்தா பெட்ரோல் கூடுதலா குடிக்கும். இதைச் சொல்ல ஒரு பதிவு தேவையான்னு கேட்டா, தேவையில்லைதான். ஆனா அதுக்கு அடுத்த வரியா "அப்போ இந்தக் கார் பத்தாது, பெரிய ட்ரக்கா வாங்கிட வேண்டியதுதான்"னு நம்ம ஆளுங்க சொல்றாங்க பாருங்க, அந்த அடுத்த வரிக்காகத்தான் இந்தப் பதிவு. அந்த முடிவும் தப்பு, அந்த முடிவுக்குக் கொண்டுவந்து விடுற கணக்கும் தப்புங்கறது என்னோட கட்சி.

டிஸ்கி (வழக்கமா கடைசியில வரும், இங்க முதல்லயே): நடுவுல கொஞ்சம் கணக்கு வரும். பெருக்கல், வகுத்தல் தாண்டி எதுவும் இல்லை. கணக்குன்னாலே அலர்ஜிங்கறவங்க இட்லி வர்ற பத்தியை மட்டுமாவது படிச்சிடுங்க :-)

அமெரிக்கா பக்கம் இல்லாதவங்களுக்கு சின்னதா ஒரு முன்கதை. இங்க ஸ்டேட் பார்க், நேஷனல் பார்க்னு எங்க போனாலும் ராத்திரிக்கு வாடகை குடுத்துத் தங்க திறந்தவெளி இடம் விட்டிருப்பாங்க. கூடாரம் போட்டும் படுக்கலாம். ரெண்டு தடவை கூடாரத்துல படுத்து முதுகு பிடிச்சுக்கிட்டவங்க அடுத்து தேடறது இந்த ட்ரெய்லரைத்தான். இதுல சின்ன சைஸ்லயே மூணு நாலு வகை இருக்கு. டியர்டிராப்னு ஒண்ணு, நீர்த்துளியைப் படுக்க வெச்ச மாதிரி இருக்கும். உள்ள ரெண்டு பேர் படுக்கலாம், நிக்க முடியாது. பின்பக்கக் கதவைத் தூக்கினா அடுப்படி. 1930கள்லயே புழக்கத்துக்கு வந்துடுச்சு, 1947ல மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்ங்கற பத்திரிகை இதை வீட்டுலயே செஞ்சுக்கறதுக்கு வரைபடமே போட்டுது. பாப்-அப்னு இன்னொண்ணு, ஓட்டும்போது தட்டையான பெட்டி, போய்ச் சேர்ந்ததும் விரிச்சா கூடாரம். மூணாவது, ஃபைபர்கிளாஸ்ல முட்டை மாதிரி செஞ்சது. உள்ள எழுந்து நிக்கலாம், சின்னதா ஒரு சிங்க் கூட இருக்கும்.

எங்ககிட்ட இருக்கறது அந்த முட்டை. 13 அடி நீளம், செகண்ட் ஹேண்ட். தண்ணி, பாத்திரம், தங்கமணியோட தலைகாணி மூட்டை எல்லாம் சேர்த்து 1500 பவுண்டு, அதாவது 680 கிலோ. இழுக்கறது ஒரு சுபாரு அவுட்பேக். டர்போ இல்லாத 2.5 லிட்டர் எஞ்சின். அந்த மாடல் இழுக்கறதுக்கு கம்பெனி போட்டிருக்கற எல்லை 2700 பவுண்டு. ஆக பாரத்துல பிரச்சினை இல்லை. ஃப்ரீமாண்ட்ல இருந்து யோசெமிட்டி, லாசென், பினக்கிள்ஸ், ஒரு தடவை நெவாடான்னு இழுத்துட்டுத் திரிஞ்சாச்சு.

இப்ப மைலேஜ். கார் தனியா போனா ஹைவேல கேலனுக்கு சுமார் 30 மைல். முட்டையை மாட்டினா மலை, மேடு, காத்து எல்லாம் சேர்த்து சராசரி 20. டேஷ்போர்டு சொல்ற நம்பர் இல்லைங்க இது. டாங்க் ரொப்பும்போதெல்லாம் ஓடின மைலை ரொப்பின கேலனால வகுத்து எழுதி வெச்ச நம்பர். (ஆணி புடுங்குற வேலைல இருக்கறவனுக்கு எதுக்கெடுத்தாலும் எக்செல் ஷீட்தான், என்ன பண்றது.)

இதைக் கேட்டதும் எங்க ஊர்க்கார அண்ணாச்சி ஒருத்தர், பெரிய ட்ரக் வெச்சு இதே அளவு ட்ரெய்லர் இழுக்கறவர், சிரிச்சார்.

"முப்பது இருவது ஆயிட்டா? பத்து போச்சால! ஒன் காருக்கு மூச்சு முட்டுது தம்பி. என் ட்ரக்கு தனியா போனா இருவது, மாட்டினா பதினஞ்சு. அஞ்சுதான் போவுது. இழுக்குததுக்குன்னே செஞ்ச வண்டிலா!"

பத்து போறது பெருசா, அஞ்சு போறது பெருசா? யார்கிட்ட கேட்டாலும் பத்துன்னுதான் சொல்லுவாங்க. அங்கதான் சூட்சுமமே.

இட்லிக் கணக்கு போடுவோம். அந்தக் காலத்து விலையாவே இருக்கட்டும். முதல் கடைல 60 ரூபாய்க்கு 30 இட்லி குடுத்துட்டு இருந்தாங்க. விலையை ஏத்தி இப்ப 60 ரூபாய்க்கு 20 இட்லி. ரெண்டாவது கடைல 60 ரூபாய்க்கு 20 குடுத்துட்டு இருந்தாங்க. அவங்களும் ஏத்தி இப்ப 15. முதல் கடைல பத்து இட்லி போச்சு, ரெண்டாவது கடைல அஞ்சுதான் போச்சு. ஆனா ஒரு இட்லி என்ன விலைன்னு பாருங்க. முதல் கடைல 2 ரூபாயா இருந்தது 3 ரூபாய் ஆச்சு. ரெண்டாவது கடைல 3 ரூபாயா இருந்தது 4 ரூபாய் ஆச்சு. ரெண்டு பேரும் ஏத்தினது அதே ஒத்தை ரூபாய்! சாப்பிடறவன் பர்ஸுக்கு ரெண்டும் ஒரே அடிதான். கேட்கும்போது மட்டும் முதல் கடைக்காரர் கொள்ளைக்காரர் மாதிரி தெரியறார்.

கேலனுக்கு எத்தனை மைல்ங்கற கணக்கு "60 ரூபாய்க்கு எத்தனை இட்லி" மாதிரியான தலைகீழ்க் கணக்கு. நம்மூர்ல லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்னு சொல்றதும் அதே ஜாதிதான். நமக்கு வேண்டியது 100 மைலுக்கு எத்தனை கேலன்ங்கறது. அப்படிப் போட்டா என் கார் 3.33 கேலன்ல இருந்து 5 கேலன். அண்ணாச்சி ட்ரக் 5 கேலன்ல இருந்து 6.67 கேலன். ரெண்டு பேருக்கும் ட்ரெய்லர் கூடுதலா குடிச்சது 100 மைலுக்கு அதே 1.67 கேலன். துளி வித்தியாசம் இல்லை. இன்னொண்ணும் கவனிங்க. ட்ரெய்லரோட போற என் கார் குடிக்கறதும், ட்ரெய்லர் இல்லாம சும்மா காய்கறி வாங்கப் போற அவர் ட்ரக் குடிக்கறதும் ஒண்ணு!

இது நான் கண்டுபிடிச்சது இல்லை. ட்யூக் பல்கலைக்கழகத்துல ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல்னு ரெண்டு பேர் 2008ல சயன்ஸ் பத்திரிகைல இந்த மைலேஜ் மாயையைப் பத்தியே கட்டுரை எழுதினாங்க. ஜனங்க மைலேஜ் நம்பரைப் பார்த்து எது எவ்வளவு பெட்ரோல் மிச்சம் பண்ணும்னு தப்பா மதிப்பிடறாங்கங்கறதுதான் விஷயம். 2013 மாடல்ல இருந்து அமெரிக்காவுல புதுக் கார் கண்ணாடில ஒட்டற ஸ்டிக்கர்லயே 100 மைலுக்கு எத்தனை கேலன்ங்கற நம்பரும் இருக்கு. சின்ன எழுத்துல இருக்கறதால ஒருத்தரும் பார்க்கறது இல்லை. ஐரோப்பாக்காரங்க பெரும்பாலும் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்னுதான் பேசறாங்க. புத்திசாலிங்க.

சரி, வெறும் கணக்குக்கு எதுக்குய்யா இவ்ளோ சவுண்டுன்னு கேட்கறீங்களா? காரணம் இருக்கு.

எனக்குத் தெரிஞ்ச ஒரு ஜோடி, நம்ம தமிழ்ப் புள்ளைங்கதான். சின்ன டியர்டிராப் ஒண்ணு வாங்கினாங்க. நாலு தடவை போயிட்டு வந்ததும் மைலேஜ் அடி வாங்குதுன்னு ஆளாளுக்கு அட்வைஸ். இப்ப நல்லா ஓடிட்டு இருக்கற காரைக் குடுத்துட்டு 50,000 டாலர் சொச்சத்துக்கு ட்ரக் எடுக்கப் போறாங்க. 72 மாச லோன். ஆறு வருஷம்! ரெண்டு பேரும் எச்1பி. முதல்ல குடுக்கறதே மூணு வருஷம்தான், பொதுவா நீட்டிச்சா ஆறு. நடுவுல வேலை போச்சுன்னா வேற வேலை தேட அதிகபட்சம் 60 நாள். விசாவை விட நீளமான லோனை ஒருத்தன் தலைல கட்டறது எதனாலன்னா, ட்ரெய்லர் இழுக்கும்போது போற 1.67 கேலனைக் காப்பாத்தறதுக்கு. அதையும் அந்த ட்ரக் காப்பாத்தாது. இதுக்குத்தான் சவுண்டு.

வருஷக் கணக்கு போட்டுப் பார்ப்போம். வருஷத்துக்கு 15,000 மைல் ஓட்டறோம், அதுல ட்ரெய்லரோட 3,000 மைல்னு வெச்சுக்கங்க. வாராவாரம் கேம்பிங் போறவங்களுக்குத்தான் அவ்ளோ வரும், இருந்தாலும் தாராளமாவே வெச்சுக்கலாம். கேலன் 5 டாலர்னு வெச்சுக்கங்க.

கார்: ட்ரெய்லர் இல்லாம 400 கேலன், ட்ரெய்லரோட 150. மொத்தம் 550.
ட்ரக்: ட்ரெய்லர் இல்லாம 600 கேலன், ட்ரெய்லரோட 200. மொத்தம் 800.

ட்ரெய்லரால ஆன கூடுதல் செலவு ரெண்டு பேருக்கும் 50 கேலன், 250 டாலர். ட்ரக்கால ஆன கூடுதல் செலவு 250 கேலன், 1250 டாலர். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை கேள்விப்பட்டிருப்பீங்க. இதுல வீட்டைக் கொளுத்தினாலும் எலி அப்படியே இருக்கு.

அப்போ அந்த 50 கேலன் எங்கதான் போகுது? "பாரம் இழுக்குதுல்ல"ன்னு எல்லாரும் சொல்றாங்க. பாரத்துக்குன்னு போறது அதுல சின்னப் பங்குதான்.

ஃப்யூவல் எகானமி டாட் கவ்னு அமெரிக்க அரசாங்கத் தளம் ஒண்ணு இருக்கு. அதுல வண்டில 100 பவுண்டு கூட ஏத்தினா மைலேஜ் சுமார் 1 சதவீதம் குறையும்னு போட்டிருக்கு. அந்தக் கணக்குல என் முட்டையோட 1500 பவுண்டுக்கு 15 சதவீதம் வருது. அதுவும் எடை அதிகமா வலிக்கறது சிக்னலுக்கு சிக்னல் நின்னு கிளம்பும்போதுதான். ஹைவேல ஒரே சீரா போகும்போது அவ்வளவு இல்லை. ஆனா எனக்குக் குறைஞ்சது 33 சதவீதம். அதே தளத்துல, கார் கூரை மேல வைக்கற சாமான் பெட்டியைப் பத்தியும் இருக்கு. காலிப் பெட்டி என்ன எடை இருக்கும், ஒரு ஆள் தூக்கி வைக்கற எடை. அது ஊருக்குள்ள 2ல இருந்து 8 சதவீதம் வரைக்கும் மைலேஜைக் குறைக்குது, 65-75 மைல் வேகத்துல போனா 10ல இருந்து 25 சதவீதம் வரைக்கும். எடையே இல்லாத பெட்டி கால்வாசியைக் கொண்டு போகுதுன்னா அடிக்கறது எடை இல்லை. காத்து.

மலை ஏறும்போது எடைதானேன்னு கேட்பீங்க. ஆமா, அங்க எடைதான். அதையும் போட்டுப் பார்த்துடலாம். 680 கிலோவை 1000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க 6.7 மெகாஜூல் வேணும். ஒரு லிட்டர் பெட்ரோல்ல இருக்கறது சுமார் 32 மெகாஜூல். அதுல கால்வாசிதான் சக்கரத்துக்கு வருதுன்னு வெச்சாலும் 8. ஆக ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு முட்டையைத் தூக்க ஒரு லிட்டர் கூட ஆகாது. எறங்கும்போது அதுல கொஞ்சம் திரும்பியும் வரும். மலைல எஞ்சின் உறுமுற சத்தத்துக்கு பயந்துக்கறோம், ஆனா பில்லு எகிர்றது சமவெளில, சத்தமே இல்லாம.

இன்னொரு சுவாரசியமான சங்கதி. ஏர்ஸ்ட்ரீம்னு பளபளன்னு அலுமினிய ட்ரெய்லர் பார்த்திருப்பீங்க. 1947ல அந்தக் கம்பெனி ஒரு விளம்பரப் படம் எடுத்தாங்க. ஆல்ஃப்ரெட் லெட்டூர்னர்னு ஒரு பிரெஞ்சு சைக்கிள் பந்தய வீரர், ஏர்ஸ்ட்ரீம் ட்ரெய்லரை சைக்கிள்ல கட்டி இழுக்கறார்! மனுஷன் கால்ல என்ன குதிரைசக்தி இருக்கும்? சமதளத்துல, மெதுவா, காத்து தொந்தரவு இல்லாம உருட்டிட்டா பாரம் ஒரு பொருட்டே இல்லைங்கறதுக்கு இதைவிட நல்ல படம் கிடையாது. அவரை அதே ட்ரெய்லரோட 65 மைல் வேகத்துல போகச் சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்கும் சேதி.

நான் நாகர்கோவில்காரன். ஆரல்வாய்மொழி பக்கம் எதிர்காத்துல சைக்கிள் மிதிச்சவனுக்கு இதெல்லாம் பாடமா நடத்த வேண்டாம். காலைல பள்ளிக்கூடம் போகும்போது மிதிச்சாலும் நகராத சைக்கிள், சாயங்காலம் மிதிக்காமலே வீடு வந்து சேரும். ரெண்டு தடவையும் பைக்கட்டு எடை ஒண்ணுதான். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்லி வெச்சவங்க நாம. அந்த ஊர்க்காரனே வந்து "பாரம் தம்பி பாரம்"னு சொல்லும்போதுதான் வருத்தமா இருக்கு (அண்ணாச்சி, கோவிச்சுக்காதீங்க).

காத்தோட குணம் என்னன்னா, அது வேகத்தோட வர்க்கத்துல ஏறும். வேகம் ரெண்டு மடங்கானா எதிர்ப்பு நாலு மடங்கு. 55 மைல்ல இருக்கற காத்து எதிர்ப்பை 100ன்னு வெச்சா, 60ல 119. 65ல 140. 70ல 162. 75ல 186. ஸ்பீடாமீட்டர்ல முள்ளு கொஞ்சூண்டு நகருது, காத்து அங்க கிட்டத்தட்ட டபுள் ஆயிடுது. இதுல எதிர்காத்தும் சேர்ந்தா இன்னும் விசேஷம். 55ல போய்ட்டு இருக்கோம், 15 மைல் வேகத்துல எதிர்ல காத்து அடிக்குதுன்னா முட்டைக்கு அது 70. லிவர்மோர் தாண்டினதும் ஆல்டமான்ட் பாஸ் வரும். முப்பந்தல் மாதிரியே மலை பூரா காத்தாடி நட்டு வெச்சிருப்பாங்க. காத்தாடி நட்ட இடத்துல மைலேஜ் எதிர்பார்க்கக் கூடாதுங்கறது பொது அறிவு :-)

இந்த இடத்துல ட்ரக் கட்சிக்காரங்களுக்கு நியாயமா ஒரு பாயிண்ட் குடுக்கணும். பெரிய வண்டி முன்னாடி போனா, ட்ரெய்லர் அதோட முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும். காத்தை ட்ரக்கே பாதி கிழிச்சு விட்டுடறதால ட்ரெய்லர்னால ஆகற கூடுதல் எதிர்ப்பு சின்னக் காரை விடக் கம்மியா இருக்க வாய்ப்பு உண்டு. உண்மைதான். ஆனா ட்ரெய்லர் இருந்தாலும் இல்லாட்டியும் அந்த அகலமான முகத்தைத் தூக்கிட்டுத்தானே அது வருஷம் பூரா ஆபீசுக்கும் கடைக்கும் போகுது? நான் 3,000 மைலுக்கு மட்டும் கட்டற வட்டியை அவர் 15,000 மைலுக்கும் கட்டறார். அதனாலதான் மாட்டும்போது அவருக்குப் புதுசா வலிக்கறது இல்லை.

சரி, வண்டியை மாத்தினா தீராதுன்னா வேற எதை மாத்தினா தீரும்? வலது காலை.

என் எக்செல் ஷீட்ல இருந்து ரெண்டு நம்பர். சமவெளில, காத்து இல்லாத காலை நேரத்துல 55ல போனா முட்டையோட 22 மைலேஜ் வருது. நெவாடாவுல ஐ-80ல 65ல போனப்ப 18. நம்ம 100 மைல் கணக்குல போட்டா முதலாவது 4.5 கேலன், ரெண்டாவது 5.6. கார் தனியா குடிக்கற 3.3ஐக் கழிச்சுட்டா, ட்ரெய்லரோட செலவு 65ல 2.2 கேலன், 55ல 1.2 கேலன். கிட்டத்தட்ட பாதி! 50,000 டாலர் ட்ரக் குறைக்காததைக் கால் கட்டைவிரல் குறைக்குது, லோன் இல்லாம.

நேரம் போகுமேன்னு கேட்கலாம். 200 மைல் போக 65ல 3 மணி 5 நிமிஷம், 55ல 3 மணி 38 நிமிஷம். 33 நிமிஷம் லேட். மிச்சமாகறது 2 கேலன், அதாவது 10 டாலர். அரை மணி நேரத்துக்கு 10 டாலர்தானான்னு கேட்கறவங்களுக்கு: பணத்துக்கு மட்டும் சொல்லலை. கலிஃபோர்னியாவுல பின்னாடி எதையாவது இழுத்துட்டுப் போற வண்டிக்குச் சட்டப்படியே 55தான் எல்லை. பக்கத்து லேன் கார்களுக்கு 70 இருக்கலாம், நமக்கு 55. ஜெர்மனில ஆட்டோபான்ல பறக்கலாம்னு கதை சொல்லுவாங்க, அங்கயும் ட்ரெய்லர் மாட்டினா மணிக்கு 80 கிலோமீட்டர்தான், தனியா அனுமதி வாங்கினா 100. ட்ரெய்லர் டயர்ல எஸ்.டி-ன்னு போட்டிருக்கும். இந்த வகை டயர் பலதுக்கு ரொம்ப வருஷமா 65 மைல்தான் உச்ச வேகம். இப்ப வர்றதுல கூடுதல் வேகம் தாங்கறதும் உண்டு, டயர் பக்கவாட்டுல போட்டிருக்கற எழுத்தைப் படிச்சுத் தெரிஞ்சுக்கணும். வேகம் கூடக் கூட ட்ரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கறதும் லேசுல நிக்காது. மைலேஜுக்கு எது நல்லதோ அதேதான் உசுருக்கும் நல்லது. இப்படி ரெண்டும் ஒரே பக்கம் நிக்கற விஷயம் வாழ்க்கைல அபூர்வம்.

அமெரிக்காவுக்கு இது தெரியாததும் இல்லை. 1973ல எண்ணெய்த் தடை வந்து பெட்ரோல் பங்க்ல கியூ நின்னப்ப, 1974ல நாடு பூரா 55 மைல்தான் எல்லைன்னு சட்டமே போட்டாங்க. 1987ல கிராமப்புற இன்டர்ஸ்டேட்ல 65 வரைக்கும் தளர்த்தி, 1995ல மொத்தமா எடுத்துட்டாங்க. டெக்சஸ்ல ஒரு ரோட்டுல 2012ல இருந்து 85. சட்டத்தை எடுத்துட்டாங்க, காத்தை எடுக்க முடியலை. அது இன்னும் 1974 கணக்குலதான் வசூல் பண்ணுது.

தங்கமணி முதல்ல "மாட்டு வண்டியா இது?"ன்னுதான் கேட்டாங்க. வலது லேன், முன்னாடி ஒரு பெரிய லாரி, நடுவுல நல்ல இடைவெளி, ராஜா பாட்டு. ஒரு மணி நேரத்துல அவங்களே பக்கத்துல பறக்கற வண்டிகளைப் பார்த்து "எங்க போய் என்னத்தைப் புடுங்கப் போறாங்க"ன்னு கேட்கற நிலைமைக்கு வந்துட்டாங்க. பழகிடும்.

ட்ரக்கே வேண்டாங்கறது என் வாதம் இல்லை. ட்ரெய்லர் எடை உங்க கார் கையேட்டுல போட்டிருக்கற எல்லைக்குப் பக்கத்துல வந்துட்டா, புள்ளைகுட்டி, சைக்கிள், கூலர்னு காருக்குள்ள ஏத்தற பாரமும் கூடிட்டா, வாராவாரம் மலைல ஏறி எறங்கறவங்களா இருந்தா, பெரிய வண்டி எடுக்கத்தான் வேணும். பிரேக்குக்கும், சூட்டுக்கும், பிடிமானத்துக்கும் எடுக்கணும். அது நியாயமான காரணம். கையேட்டைப் படிக்கும்போது எடையோட நிறுத்தாதீங்க. ஃபோர்டு மாதிரி கம்பெனிகளோட ட்ரெய்லர் கையேட்டுல முன்பக்கப் பரப்பளவு இத்தனை சதுர அடிக்கு மேல போகக் கூடாதுன்னும் ஒரு எல்லை இருக்கும். எடை கம்மியா இருந்தாலும் முகம் அகலமா இருந்தா ஆகாதுன்னு கம்பெனிக்காரனே எழுதி வெச்சிருக்கான். ட்ரெய்லர் முனை கார் கொக்கில அழுத்தற எடை மொத்தத்துல 10ல இருந்து 15 சதவீதம் இருக்கணும். குறைஞ்சா வால் ஆட்டம்தான்.

எலக்ட்ரிக் வண்டி வெச்சிருக்கறவங்க "எங்களுக்கு ரேஞ்சு பாதியாயிடுது"ன்னு புலம்பறதும் இதே காத்து சமாச்சாரம்தான். பெட்ரோல் எஞ்சின் லேசான சுமைல ஏற்கனவே நிறைய வீணடிக்கும். சுமை ஏறினா அதோட திறன் கொஞ்சம் கூடும், அதனால அடி கொஞ்சம் மறைஞ்சுடும். எலக்ட்ரிக் மோட்டார்ல வீணாகறதே கம்மி, மறைக்க இடமில்லை, அப்படியே முழு அடியும் தெரியுது. அவங்களுக்கும் மருந்து ஒண்ணுதான். உயரம் குறைஞ்ச ட்ரெய்லர், குறைஞ்ச வேகம்.

ஆக, இன்னும் ட்ரெய்லர் வாங்காதவங்க எடையை மட்டும் கேட்காம உயரத்தையும் அகலத்தையும் கேளுங்க. உங்க கார் முதுகுக்குப் பின்னாடி எவ்வளவு ஒளியுதுன்னு பின்னாடி நின்னு கண்ணால பாருங்க. டியர்டிராப்பும் பாப்-அப்பும் இதுல என் முட்டையை விட உசத்தி. நிக்கற உயரம் வேணும்னா அதுக்குப் பெட்ரோல்ல விலை குடுக்கறோம்னு தெரிஞ்சே குடுங்க. நான் அப்படித்தான் குடுக்கறேன்.

ஏற்கனவே வாங்கி, மைலேஜைப் பார்த்து மனசு உடைஞ்சு ட்ரக் ஷோரூம் வாசல்ல நிக்கறவங்க, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ட்ரிப் 55ல போயிட்டு வாங்க. திரும்பி வந்து 100 மைலுக்கு எத்தனை கேலன்னு வகுத்துப் பாருங்க. வித்தியாசத்தை டாலர்ல எழுதி, மாசத் தவணைக்குப் பக்கத்துல வைங்க. அதுக்கப்புறமும் ட்ரக் வேணும்னு தோணினா தாராளமா வாங்குங்க. ஆசைக்கு வாங்கறதுல தப்பே இல்லை. மைலேஜ் மேல பழியைப் போட்டு மட்டும் வாங்காதீங்க.

பி.கு: ட்ரக் ஓனர்கள் பின்னூட்டத்துல வந்து கும்மலாம், வரவேற்கப்படுகிறது. ஒரே கண்டிஷன், நம்பரை 100 மைலுக்கு எத்தனை கேலன்ங்கற கணக்குலதான் சொல்லணும்.